ரஸ்ஸல் பியர்ஸ்: ஒரு மாநிலச் செனட்டரின் எழுச்சியும் வீழ்ச்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேற்றப் பிரச்சினை சூடுபிடிக்கும்போதெல்லாம் ‘அரிசோனா சட்டம்’ என்ற பேச்சு வரும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. அவரைப் பற்றிப் பொதுவாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

யார் இந்த ரஸ்ஸல் பியர்ஸ்?

அரிசோனா மாநிலச் சட்டமன்றத்தில் 2001 முதல் 2011 வரை இருந்த குடியரசுக் கட்சிக்காரர், தீவிரப் பழமைவாதி. முதல் எட்டு ஆண்டுகள் கீழவையான பிரதிநிதிகள் அவையில் இருந்தார், அப்புறம் செனட்டுக்குப் போனார். ‘அரிசோனா சட்டம்’ என்று 2010-ல் நாடே விவாதித்த எஸ்.பி. 1070, அதாவது ஆவணமில்லாமல் நாட்டில் இருப்பவர்களைப் பற்றி மாநிலப் போலீஸே விசாரிக்க வழிசெய்த சட்டம், அவருடைய மசோதா. 2011 ஜனவரியில் மாநிலச் செனட்டின் தலைவரானார். அதே ஆண்டு நவம்பரில், பதவிக்காலம் முடியும் முன்பே, அவருடைய தொகுதி மக்கள் வாக்களித்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2023 ஜனவரி 5 அன்று 75 வயதில் காலமானார்.

நாடாளுமன்றத்துக்குப் போகாத ஒருவருக்கு எப்படி இவ்வளவு செல்வாக்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் அவருடைய வாழ்க்கையைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாஷிங்டனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அமெரிக்க அரசியலில் பாதி கண்ணில் படாது.

அரிசோனாவில் 30 தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டர், இரண்டு பிரதிநிதிகள். ஆக மேலவையில் 30 பேர், கீழவையில் 60 பேர். எல்லோருக்கும் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். சம்பளம் ஆண்டுக்கு 24,000 டாலர்தான். குடும்பம் நடத்தப் போதாது என்பதால் பலருக்கும் வேறு தொழில் இருக்கும். கூட்டத்தொடர் ஜனவரியில் தொடங்கிச் சில மாதங்களில் முடிந்துவிடும். இப்படிப்பட்ட அவையில் 16 செனட்டர்கள் சேர்ந்தால் பெரும்பான்மை. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, வருடா வருடம் சளைக்காமல் மசோதா கொண்டுவருகிற ஆளுக்கு அங்கே பெரிய வழி திறந்திருக்கிறது. பியர்ஸ் அந்த வழியில் போனவர்.

இன்னொன்று: ஒரே அவையில் தொடர்ந்து நான்கு முறைக்கு மேல் இருக்க முடியாது. அதனால்தான் எட்டு ஆண்டு முடிந்ததும் 2008-ல் செனட்டுக்குப் போட்டியிட்டார். அது பதவி உயர்வு அல்ல. அந்த மாநிலத்தில் எல்லோரும் செய்வது.

அவர் எந்த ஊர்க்காரர்?

ஃபீனிக்ஸ் பெருநகரின் கிழக்கே இருக்கும் மேசா. 1947 ஜூன் 23-ல் அங்கேயே பிறந்தார், கடைசிவரை அந்த ஊர்க்காரராகவே இருந்தார். 1878-ல் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் உருவாக்கிய ஊர் அது, பியர்ஸும் மார்மன். பெரிய குடும்பம், பணக் கஷ்டம். மேசா என்றால் சின்ன ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். 2010 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 4.39 லட்சம். நான்கில் ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். ஒரு பக்கம் பழைய மார்மன் குடும்பங்கள், மறுபக்கம் மெக்சிகோவிலிருந்து வந்த உழைப்பாளிகள் என்று ஊர் மாறிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் அரசியல் செய்தார்.

அரசியலுக்கு வருவதற்கு முன் என்ன செய்தார்?

போலீஸ் வேலை. ஃபீனிக்ஸை உள்ளடக்கிய மரிகோபா கவுண்டியின் (மாவட்டம் போன்றது) ஷெரீஃப் துறையில் 1970 வாக்கில் சேர்ந்தார். ஷெரீஃப் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுண்டி போலீஸ் தலைவர். 1977-ல் குவாடலூப்பே என்ற சிற்றூரில் சில இளைஞர்களைப் பிடிக்கப் போனபோது சுடப்பட்டார். கையிலும் மார்பிலும் குண்டு. அந்தத் தழும்பு அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதும் அவரோடு வந்தது. துப்பாக்கிக் குண்டை வாங்கிய போலீஸ்காரன் என்ற மரியாதை, அவரைப் பிடிக்காதவர்களிடமும் இருந்தது.

1992 தேர்தலில் வென்று ஷெரீஃப் ஆன ஜோ அர்ப்பையோவின் கீழ் துறையின் இரண்டாம் நிலைக்கு உயர்ந்தார். பாலைவன வெயிலில் கைதிகளைக் கூடாரத்தில் அடைத்த ‘டென்ட் சிட்டி’ சிறை 1993-ல் திறந்தது. அந்த யோசனை தன்னுடையது என்று பியர்ஸ் சொல்லிவந்தார். உலகம் அறிந்தது அர்ப்பையோவின் பெயரைத்தான்.

அங்கிருந்து 1995-ல் மாநில மோட்டார் வாகனத் துறைக்கு இயக்குநராகப் போனார். ஒரு ஓட்டுநரின் பதிவேட்டில் முறைகேடாகத் திருத்தம் செய்யப்பட்டதாக எழுந்த விசாரணைக்குப் பிறகு 1999-ல் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவர் மீது குற்ற வழக்கு எதுவும் இல்லை. அடுத்த ஆண்டே சட்டமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

குடியேற்றப் பிரச்சினையை ஏன் அவ்வளவு தீவிரமாகப் பிடித்துக்கொண்டார்?

தனிப்பட்ட காரணமும் உண்டு, ஊர்க் காரணமும் உண்டு. ஊர்க் காரணத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

1993-ல் டெக்ஸாஸின் எல் பாசோவிலும் 1994-ல் கலிஃபோர்னியாவின் சான் டியகோவிலும் மத்திய அரசு எல்லைக் காவலைக் கடுமையாக்கியது. நகரங்களை ஒட்டிய வழிகள் அடைபட்டதும், மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் நடுவில் இருந்த அரிசோனா பாலைவனத்தின் பக்கம் திரும்பினார்கள். 2000-ஆம் நிதியாண்டில் டூசான் பகுதியில் மட்டும் எல்லைக் காவல் படை 6 லட்சத்து 16 ஆயிரம் தடவை ஆட்களைப் பிடித்தது. தாகத்தாலும் வெயிலாலும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் அந்தப் பாலைவனத்தில் இறந்தார்கள். இதற்கான முடிவை எடுத்தது வாஷிங்டன். விளைவு வந்து இறங்கியது அரிசோனாவில். மத்திய அரசு எங்களைக் கைவிட்டுவிட்டது என்று அரிசோனாக்காரர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. அந்தக் கோபத்துக்கு விளக்கம் கொடுத்தவர்கள் பலர். அதைச் சட்டமாக எழுதிக் கொண்டுவந்தவர் பியர்ஸ்.

தனிப்பட்ட காரணம்: ஷெரீஃப் துறையில் வேலை பார்த்த அவருடைய மகன் ஒருவர் 2004 டிசம்பரில் ஒரு வீட்டில் சோதனைக்குப் போனபோது சுடப்பட்டார். சுட்டவர் ஆவணமில்லாமல் நாட்டுக்குள் இருந்தவர். மகன் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதனால்தான் பியர்ஸ் இப்படி ஆனார் என்று சொல்வது சரியல்ல. அதற்கு முன்பே அவர் இந்தப் பாதையில் வெகுதூரம் போயிருந்தார்.

எஸ்.பி. 1070-க்கு முன்னால் என்ன செய்திருந்தார்?

நிறைய. 2004-ல் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த முன்மொழிவு 200-க்கு முன்னின்று உழைத்தார். வாக்காளராகப் பதிவுசெய்யக் குடியுரிமைச் சான்று, வாக்களிக்க அடையாள அட்டை என்று அது கேட்டது. 56 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. 2006-ல், கடும் குற்றம் சாட்டப்பட்ட ஆவணமற்றவர்களுக்கு ஜாமீன் இல்லை என்ற முன்மொழிவும் வாக்கெடுப்பில் வென்றது. ஜாமீன் மறுப்பை 2014-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. குடியுரிமைச் சான்று கேட்பதை, மத்திய அரசின் பதிவுப் படிவத்தைப் பொறுத்தவரை, 2013-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது 2007-ன் சட்டபூர்வ அரிசோனா தொழிலாளர் சட்டம். 1070-ன் சத்தத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். ஆவணமில்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைத்தால் முதல் முறை நிறுவனத்தின் உரிமம் நிறுத்திவைக்கப்படும், இரண்டாம் முறை ரத்து. எல்லா முதலாளிகளும் ‘இ-வெரிஃபை’ என்ற மத்திய அரசுக் கணினி முறையில் புதிய ஊழியர்களைச் சரிபார்க்க வேண்டும். கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேனட் நெப்போலிடானோ. 2008 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முன்னணியில் நின்றது அமெரிக்க வர்த்தக சபை. பழமைவாதி என்றால் முதலாளிகளின் ஆள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பியர்ஸ் முதலாளிகளோடு நேருக்கு நேர் மோதினார். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்ட அரங்கில் அவருடைய மிகப் பெரிய வெற்றி இதுதான். இன்றும் அமலில் இருக்கிறது.

எஸ்.பி. 1070 எப்படி நிறைவேறியது?

நெப்போலிடானோ 2007 சட்டத்தில் கையெழுத்திட்டாரே தவிர, போலீஸை குடியேற்ற அதிகாரிகளாக மாற்றும் மசோதாக்களைத் தொடர்ந்து திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் இருக்கும்வரை பியர்ஸுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. 2009 ஜனவரியில் அதிபர் ஒபாமா அவரை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலராக வாஷிங்டனுக்கு அழைத்துக்கொண்டார். அரிசோனாவில் அப்போது துணை ஆளுநர் பதவி கிடையாது. ஆளுநர் விலகினால் மாநிலச் செயலர் அந்த இடத்துக்கு வருவார். மாநிலச் செயலராக இருந்தவர் குடியரசுக் கட்சியின் ஜேன் புரூவர். ஒரு நியமனம், அத்தோடு மாநிலத்தின் வீட்டோ அதிகாரம் கட்சி மாறிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம், சட்டங்களின் தலைவிதி எவ்வளவு தற்செயலான இடங்களில் தீர்மானமாகிறது என்று மலைப்பாக இருக்கிறது.

2010 மார்ச்சில் எல்லைக்கு அருகே ஒரு பண்ணை உரிமையாளர் தன் நிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி எல்லை தாண்டி வந்தவர் என்ற சந்தேகம் பரவியது, மாநிலம் கொதித்தது. ஏப்ரல் 13-ல் கீழவையில் 35–21, ஏப்ரல் 19-ல் செனட்டில் 17–11. ஏப்ரல் 23-ல் புரூவர் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு ஆளுநர் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்த அவருக்கு அந்தக் கையெழுத்து பெரிய பலமாக அமைந்தது, நவம்பரில் வென்றார்.

அந்தச் சட்டம் சொன்னது என்ன?

நான்கு பகுதிகள்தான் உச்ச நீதிமன்றம் வரை போயின. ஒன்று, வேறு ஏதாவது காரணத்துக்காகப் போலீஸ் ஒருவரை நிறுத்தும்போது, அவர் சட்டவிரோதமாக இருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் வந்தால் அவருடைய நிலையை விசாரிக்க வேண்டும். இரண்டு, வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்காதது மாநிலக் குற்றம். மூன்று, ஆவணமற்றவர் வேலை தேடுவதும் செய்வதும் குற்றம். நான்கு, நாடுகடத்தத்தக்க குற்றம் செய்தவர் என்று கருதினால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

முதல் வடிவத்தில் இனத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவதற்கு இடம் இருக்கிறது என்று கூக்குரல் எழுந்ததும், ஒரே வாரத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். இனம், நிறத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். எழுதிவிட்டால் போதுமா? இரவில் காரை நிறுத்தும் போலீஸ்காரருக்கு முன்னால் இருப்பது ஒரு முகம், ஒரு உச்சரிப்பு. இந்தச் சட்டத்தின் அடிப்படைக் குறை அதுதான் என்பது என் கருத்து. அரிசோனாவில் தலைமுறை தலைமுறையாக வாழும் மெக்சிகோ வம்சாவளிக் குடிமக்கள் தங்கள் சொந்த ஊரிலேயே தங்களை நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது.

சட்டத்தை அவரேதான் எழுதினாரா?

எண்ணமும் விடாப்பிடியும் அவருடையவை. சட்ட வாசகத்தில் பெரும் பங்கு கிரிஸ் கோபாக் என்ற வழக்கறிஞருடையது. அவர் பின்னாளில் கேன்சஸ் மாநிலச் செயலரானார். 2009 டிசம்பரில், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் பெருநிறுவனங்களும் சேர்ந்து மாதிரி மசோதாக்களைத் தயாரிக்கும் ‘அலெக்’ அமைப்பின் கூட்டத்தில் பியர்ஸ் இந்த யோசனையை முன்வைத்தார். தனியார் சிறைகளை நடத்தும் நிறுவனம் ஒன்றும் அந்த அமைப்பில் அப்போது உறுப்பினராக இருந்தது என்று தேசியப் பொது வானொலி 2010 அக்டோபரில் வெளிக்கொண்டுவந்தது. சிறை நிறுவனத்துக்காகச் செய்யவில்லை என்று பியர்ஸ் மறுத்தார். அவருடைய இருபதாண்டுப் பேச்சைப் பார்த்தால், பணத்துக்காக இதைச் செய்தார் என்று நான் நம்பவில்லை, நம்பிக்கையால் செய்தார். ஆனால் பகுதிநேர உறுப்பினர்களைக் கொண்ட சட்டமன்றத்தில் மசோதாக்கள் எந்த அறைகளில் உருவாகின்றன என்பதை இந்தச் சம்பவம் வெளிச்சம் போட்டது.

எதிர்ப்பு எப்படி இருந்தது?

லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட நகரங்கள் அரிசோனாவோடு தொழில் உறவைத் துண்டிக்க முடிவெடுத்தன. மாநாடுகள் ரத்தாயின. 2010 மே 5-ல் ஃபீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி சட்டத்துக்கு எதிர்ப்பாக, தன் பெயரை ஸ்பானிய பாணியில் ‘லோஸ் சன்ஸ்’ என்று எழுதிய சட்டையோடு ஆடியது. இன்னொரு பக்கம், 2011-ல் அலபாமா, ஜார்ஜியா, தெற்குக் கரோலினா, இண்டியானா, யூட்டா ஆகிய மாநிலங்கள் இதே பாணியில் சட்டம் இயற்றின. கருத்துக் கணிப்புகளில் ஆதரித்தவர்களே அதிகம். எதிர்த்தவர்களின் குரலை மட்டும் கேட்டால் இது தெரியாது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

சட்டம் அமலுக்கு வரவிருந்ததற்கு முந்தைய நாள், 2010 ஜூலை 28-ல், மத்திய மாவட்ட நீதிபதி சூசன் போல்டன் முக்கியமான நான்கு பகுதிகளுக்கும் இடைக்காலத் தடை விதித்தார். 2012 ஜூன் 25-ல் உச்ச நீதிமன்றத்தின் இறுதிச் சொல் வந்தது. குடியேற்றம் மத்திய அரசின் அதிகாரம் என்ற அடிப்படையில் மூன்று பகுதிகள் ரத்து. போலீஸ் விசாரிக்கலாம் என்ற பகுதி மட்டும் தப்பியது. அதுவும், நடைமுறையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பின்னால் வழக்குப் போடலாம் என்ற எச்சரிக்கையோடு. பின்னர் 2016-ல் ஏற்பட்ட சமரசத்தின்படி, விசாரிப்பதற்காக மட்டும் ஒருவரைக் கூடுதல் நேரம் நிறுத்திவைக்கக் கூடாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் போலீஸுக்கு வழிகாட்டுதல் கொடுத்தார்.

குடியேற்றம் தவிர வேறு எதிலும் ஈடுபடவில்லையா?

ஈடுபட்டார். அனுமதிச் சீட்டு இல்லாமலே மறைத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற 2010-ன் சட்டமும் அவர் கொண்டுவந்ததே. கீழவையில் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவராக இருந்து செலவைக் குறைப்பதில் கறாராக இருந்தார். 2008-ல் வீட்டு மனைச் சந்தை சரிந்தபோது அரிசோனாவின் கஜானா காலியானது. 2010 ஜனவரியில் சட்டமன்றக் கட்டடங்கள் உள்பட அரசுக் கட்டடங்களை விற்று, மாநிலமே அவற்றில் வாடகைக்கு இருக்கும் நிலை வந்தது. அவர் செனட் தலைவராக இருந்த 2011-ன் பட்ஜெட்டில் பள்ளிகளுக்கும் ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கும் பலத்த வெட்டு விழுந்தது. மேசாவின் நடுத்தரக் குடும்பங்கள் இதைக் கவனித்தன.

அவர் இனவாதியா?

அவரே இதைக் கடுமையாக மறுத்தார். சட்டவிரோதமாக வந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன், எந்த இனத்தைப் பற்றியும் அல்ல என்பார். அவருடைய மனதுக்குள் புகுந்து பார்க்க என்னால் முடியாது, நடந்தவற்றைச் சொல்கிறேன். 2006-ல் வெள்ளை இனவாத அமைப்பான நேஷனல் அலையன்ஸின் கட்டுரை ஒன்றைத் தன் ஆதரவாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். யார் எழுதியது என்று தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு, 1954-ல் மெக்சிகோக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக நாடுகடத்திய நடவடிக்கையைப் புகழ்ந்து வானொலியில் பேசினார். மேசா நகரசபைக்குப் போட்டியிட்ட ஒருவரை ஆதரித்தார். அந்த ஆள் வெளிப்படையான நாஜி அபிமானி என்று தெரிந்தபின் விலகிக்கொண்டார். ஒரு தடவை என்றால் தவறு எனலாம். இத்தனை தடவை நடந்ததும், லத்தீன் வம்சாவளி மக்கள் அவரை நம்ப மறுத்ததில் ஆச்சரியமில்லை.

செனட் தலைவராக இருந்த காலம் எப்படி?

உச்சியும் அதுதான், சரிவின் தொடக்கமும் அதுதான். 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி 30-ல் 21 செனட் இடங்களைப் பிடித்தது. பியர்ஸ் தலைவர். இனி தடுக்க யாருமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆவணமற்றவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளின் குடியுரிமையைக் கேள்விக்குள்ளாக்குவது, மருத்துவமனைகள் நோயாளிகளின் நிலையை விசாரிப்பது என்று ஐந்து மசோதாக்கள் வந்தன.

அப்போது அரிசோனாவின் 60 நிறுவனத் தலைவர்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். புறக்கணிப்பால் தொழில் அடிபடுகிறது, குடியேற்றத்தை வாஷிங்டனிடம் விடுங்கள் என்பது அதன் சாரம். 2011 மார்ச் 17-ல் ஐந்து மசோதாக்களும் செனட்டிலேயே தோற்றன. அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தோற்றார்.

திரும்ப அழைக்கும் தேர்தல் எப்படி வந்தது? குடியரசுக் கட்சித் தொகுதியில் அவர் எப்படித் தோற்றார்?

அவருடைய கதையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது.

1912-ல் மாநிலமான அரிசோனா, பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கும் உரிமையைத் தன் அரசியல் சட்டத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பதவிக்குக் கடைசித் தேர்தலில் விழுந்த வாக்குகளில் 25 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து வேண்டும். பியர்ஸின் 18-ஆம் தொகுதியில் அது 7,756. தொழிற்சங்க அமைப்பாளர் ராண்டி பராஸும், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் சாட் ஸ்னோவும் முன்னின்ற ‘மேம்பட்ட அரிசோனாவுக்கான குடிமக்கள்’ அமைப்பு 2011 ஜனவரி இறுதியில் வேலையைத் தொடங்கியது. நூலக வாசலிலும் வீட்டு வாசலிலும் நின்று கையெழுத்து வாங்கினார்கள். மே 31-ல் 18,000-க்கும் மேல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சரிபார்ப்பில் 10,365 தேறியது. இது நடக்காது என்று சொன்ன அரசியல் ஜாம்பவான்கள் வாயடைத்துப் போனார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சாதாரணத் தேர்தலில் அந்தத் தொகுதியில் உண்மையான போட்டி, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் குடியரசுக் கட்சியின் உள்கட்சித் தேர்தலில்தான். ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்தவர்கள் அதில் வாக்களிக்க முடியாது. வருகிறவர்கள் குறைவு, வருகிறவர்களில் தீவிர ஆதரவாளர்களே அதிகம். அங்கே பியர்ஸை அசைக்க முடியாது. திரும்ப அழைக்கும் தேர்தலில் உள்கட்சிச் சுற்றே கிடையாது. வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இல்லை. தொகுதியின் எல்லா வாக்காளர்களும் ஒரே நாளில் ஒரே பட்டியலுக்கு வாக்களிக்கிறார்கள். பியர்ஸுக்கு எதிராக ஜனநாயகக் கட்சி யாரையும் நிறுத்தவில்லை. நின்றவர் ஜெர்ரி லூயிஸ்: குடியரசுக் கட்சிக்காரர், பழமைவாதி, மார்மன், பள்ளி நிர்வாகி. மென்மையாகப் பேசுபவர். பியர்ஸைப் பிடிக்காத ஜனநாயகக் கட்சியினர், கட்சி சாராதவர்கள், சலித்துப்போன குடியரசுக் கட்சியினர் எல்லோரும் அவர் பின்னால் சேர முடிந்தது. 2011 நவம்பர் 8-ல் லூயிஸ் தெளிவான வித்தியாசத்தில் வென்றார்.

அமெரிக்க வரலாற்றில் இப்படிப் பதவி இழந்த முதல் மாநிலச் செனட் தலைவர் பியர்ஸ். எஸ்.பி. 1070-ஐ எதிர்த்த ஊர்வலங்களில் லட்சம் பேர் நடந்தார்கள், பிரபலங்கள் பேசினார்கள். அவையெல்லாம் செய்யாததை, மேசாவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர்கள் செய்தார்கள்.

அந்தத் தேர்தலில் போலி வேட்பாளர் ஒருவர் நின்றதாகச் சொல்கிறார்களே?

மூன்றாவதாக, லத்தீன் வம்சாவளிப் பெண் ஒருவர் போட்டியிட்டார். லூயிஸுக்குப் போகும் வாக்குகளைப் பிரிக்க பியர்ஸின் ஆதரவாளர்கள் அவரை நிறுத்தினார்கள் என்று வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றத்தில் சாட்சியங்கள் வெளிவந்தபின் அக்டோபரில் அவர் விலகினார். ஆனால் சீட்டில் பெயர் அச்சாகிவிட்டது. அவருக்கு விழுந்த சொற்ப வாக்குகள் முடிவை மாற்றவில்லை.

மார்மன் சபை இதில் தலையிட்டதா?

யாருக்கு வாக்களியுங்கள் என்று சபை சொல்லவில்லை. ஆனால் 2010 நவம்பரில் யூட்டாவில் பல தலைவர்கள் சேர்ந்து, குடும்பங்களைப் பிரிக்காத மனிதாபிமானக் குடியேற்றக் கொள்கை வேண்டும் என்று ‘யூட்டா ஒப்பந்தம்’ வெளியிட்டபோது, சபை அதை வரவேற்றது. சபையின் அருள்பணியாளர்களாகத் தென் அமெரிக்காவில் இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பிய இளைஞர்கள் மேசாவில் நிறைய உண்டு. ஸ்பானிய மொழி பேசும் சபையினரும் அதே தேவாலயத்தில் பக்கத்தில் அமர்கிறார்கள். லூயிஸின் பேச்சு அவர்களுக்கு நெருக்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு மீண்டும் வரவில்லையா?

முயன்றார். 2012 ஆகஸ்டில் உள்கட்சித் தேர்தலில் நின்று, விமானப் பயணிகளுக்கான ‘ஸ்கைமால்’ விற்பனைப் பட்டியலைத் தொடங்கிய பாப் வொர்ஸ்லியிடம் தோற்றார். திரும்ப அழைக்கும் தேர்தலின் விதிமுறையால்தான் தோற்றார் என்ற வாதம் அன்றோடு அடிபட்டது. இது அவருடைய சொந்தக் கட்சியின் களம். மாநிலக் கட்சியின் துணைத் தலைவர் பொறுப்பில் இருந்தார். 2014 செப்டம்பரில், அரசு மருத்துவக் காப்பீடு பெறும் ஏழைப் பெண்களுக்குக் கருத்தடையைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற பொருளில் தன் வானொலி நிகழ்ச்சியில் பேசினார். வேறொருவர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் எடுத்துச் சொன்னேன் என்று விளக்கம் கொடுத்தார். தேர்தல் நேரம், சொந்தக் கட்சி வேட்பாளர்களே கண்டித்தார்கள். ராஜினாமா செய்தார்.

இன்று அவருடைய தாக்கம் என்ன?

இரண்டு திசையிலும் இருக்கிறது. மாநிலமே எல்லையைக் காக்க வேண்டும் என்ற அவருடைய வாதம் இன்று பல மாநிலங்களில் குடியரசுக் கட்சியின் பொதுப்பாட்டாகிவிட்டது. 2024 நவம்பரில் அரிசோனா வாக்காளர்கள், அனுமதியில்லாத இடத்தில் எல்லை தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கும் முன்மொழிவு 314-ஐ 60 சதவீதத்துக்கும் மேலான ஆதரவோடு நிறைவேற்றினார்கள். டெக்ஸாஸின் இதே மாதிரிச் சட்டத்துக்கு நீதிமன்றத்தில் வழி கிடைத்தால்தான் அதன் முக்கியப் பகுதி உயிர்பெறும் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். 2012 தீர்ப்பிலிருந்து கற்ற பாடம் அது.

மறுபக்கம், 1070-ஐ எதிர்த்துத் தெருவுக்கு வந்த ஒரு தலைமுறை அரசியலுக்குள் வந்தது. பியர்ஸைத் திரும்ப அழைக்கும் வேலையில் களமிறங்கிய ராக்கேல் டெரான் பின்னாளில் அதே சட்டமன்றத்தில் உறுப்பினரானார், மாநில ஜனநாயகக் கட்சியின் தலைவருமானார்.

அரிசோனாவில் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்கள் ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டுமா?

மேசாவுக்கு அடுத்த சாண்ட்லரில் இன்டெல் ஆலைகளையும் மென்பொருள் வேலையையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இருப்பதால் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. ஆவணம் இல்லாவிட்டால் மாநிலக் குற்றம் என்ற 1070-ன் பகுதி ரத்தாகிவிட்டது. ஆனால் 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தன் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற மத்திய சட்டம் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே இருக்கிறது, இன்றும் இருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்கள் அதை வைத்திருங்கள். விசாவில் இருப்பவர்கள், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப் படியை வைத்திருங்கள். தப்பிப் பிழைத்த பகுதியின்படி, செல்லுபடியாகும் அரிசோனா ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் நீங்கள் சட்டபூர்வமாக இருக்கிறீர்கள் என்றே போலீஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். காரில் போகும்போது மட்டுமல்ல, நடைக்குப் போகும்போதும் அதை எடுத்துக்கொண்டு போங்கள்.